சுவரொட்டி

தல்லாகுளம் கால்நடை மருத்துவமனையில்
ஸ்கேன் படத்தைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து
‘மண்ணீரல்ல கட்டி’ என்றார் டாக்டரம்மா.
‘ஈரலுக்கும் போயிருக்கு.’
எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.
அழகுமீனா கேட்டாள்.
‘தீபாவளி வரைக்கும்னு சொல்ல மாட்டேன்’
என்றார், ஆவணி மாசத்தில்.

மண்ணீரல் எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியவில்லை.
பதினேழு வருஷமாய் போஸ்டருக்கு எழுத்தடிக்கிறவன்
அந்தச் சொல்லை ஒருமுறைகூட அடித்ததில்லை.
‘மாரடைப்பால்’ அடித்திருக்கிறேன்.
‘எதிர்பாராத விதமாக’ அடித்திருக்கிறேன்.
‘இயற்கை எய்தினார்’ என்பதற்குத்
தனியாக ஒரு ஃபைலே உண்டு,
பேரையும் படத்தையும் மாற்றினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அப்பாஸ் பாயிடம் கேட்டேன்.
கட்டையில் கத்தியை வழித்துக்கொண்டே
‘அதாம்ணே, சுவரொட்டி’ என்றார்.
‘வாராவாரம் உங்க நாய்க்கு வாங்கிட்டுப் போவீகளே.’

ஒன்பது வருஷம்.
மஞ்சள்பொடி மட்டும் போட்டு வேகவைத்து
அது ஆறுவதற்குள்
அடுப்படிக்கும் வாசலுக்குமாய் நகம் தேய நடந்து
வாராவாரம் ஆசையாய்த் தின்றதும்
இப்போது அதன் வயிற்றில் வீங்கிக் கிடப்பதும்
ஒரே பேர்.
இதில் பொருள் ஏதும் இல்லையென்று
டாக்டரம்மா சொல்லுவார்.
இல்லைதான்.
அன்றைக்கு நெஞ்செலும்பு வாங்கினேன்.

பேப்பர் ரீம் வந்த அட்டைப்பெட்டியில்
வீட்டுக்கு வந்த குட்டி.
வால் வளைந்திருந்த தினுசுக்குக்
கமா என்று கூப்பிட்டேன்.
தெருவில் எல்லோரும் காமாட்சி என்பதன் சுருக்கமென்று
இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாத்திரையை வாழைப்பழத்தில் பொதித்தால்
பழத்தைத் தின்றுவிட்டு
மாத்திரையை என் செருப்புக்குள் துப்பும்.
முந்தாநாளிலிருந்து பழத்தையும் மோந்துவிட்டுப்
படுத்துக்கொள்கிறது.
அழகுமீனா ராத்திரி மூணு மணிக்கு எழுந்து
அதன் மூச்சை எண்ணுகிறாள்.
காலண்டர் தாளில், ராகுகாலத்துக்குக் கீழே,
பென்சிலில் குறித்து வைக்கிறாள்.
நேற்று முப்பத்தெட்டு.

பல்விளக்கும் நுரையோடு சோலை கேட்டான்:
‘கமா செத்துட்டா போஸ்டர் அடிப்பியாப்பா?’
அவன் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.
துப்பிவிட்டு வந்து மறுபடி நின்றான்.
‘செத்தப்புறம் அடிச்சா
அது எப்படிப் பாக்கும்?’

சிம்மக்கல் அச்சகத்தில் எல்லோரும் போன பிறகு
அந்த ஃபைலைத் திறந்தேன்.
கண்ணீர் அஞ்சலியைத் தேர்ந்து அழித்தேன்.
மலர்வு என்ற இடத்தில்
போடுவதற்குத் தேதி தெரியவில்லை.
உதிர்வு என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது,
வரியோடு அழித்தேன்.
இடது பக்கம் ஒரு வெள்ளை விழுந்தது.
கை பழக்கத்தில் படத்தை நகர்த்தி அதை மூடியது.
‘எல்லாத்துலயும் போடுவியே, அதைப் போடு’ என்று
சோலை சொல்லியிருந்தபடி
தலைக்கு மேலே சிவப்பில்:
வாழும் வரலாறே.
ஒரு பிரதி.
பில் போடவில்லை.

மைதா பசையை வீட்டு அடுப்பில் காய்ச்சினேன்,
மயில்துத்தம் போடாமல்.
ஏன் போடவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை.
தண்ணீர் மீட்டருக்குக் கீழே
முழங்கால் உயரத்தில் ஒட்டினோம்.

கமா எழுந்து வந்தது.
தன் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை.
கீழ்மூலையை மோந்தது,
பிறகு நக்கியது,
தாள் நைந்து பசை தெரிய
நின்று நிதானமாய் நக்கியது.
‘கிழிக்குதுப்பா!’ என்று கத்தினான் சோலை.
‘விடுடா’ என்றாள் அழகுமீனா.
‘திங்கட்டும்.’

வாளியில் மிச்சமிருந்ததை
விரலால் வழித்து நீட்டினேன்.
பசை இன்னும் வெதுவெதுப்பாய் இருந்தது.